ஒரு பக்கம் மட்டும் சூடு: பழைய சீன அஞ்சலட்டைகளோடு ஐந்து மாதம்

நூறு வருடத்துக்கு முந்தைய சீனத் தெருக்களைக் காட்டும் பட அஞ்சலட்டைகளைச் சேர்க்கத் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. கையில் இப்போது இருபத்து மூன்று. கோயில், கோட்டை வாசல், அரண்மனை எல்லாம் வேண்டாம், வேலை செய்கிற ஆள் படத்தில் இருந்தால்தான் வாங்குவது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

முதல் மாதமே ஏமாந்தேன். ஷாங்காய் ஒற்றைச் சக்கர வண்டி. பெரிய சக்கரம் நடுவில், பெண்கள் அதன் இரு பக்கமும் உட்கார்ந்திருக்க, பின்னால் ஒருவர் தள்ளுகிறார். புற ஊதா டார்ச் அடித்ததும் தாள் நீலமும் வெள்ளையுமாக ஒளிர்ந்தது. இப்படி ஒளிர வைக்கும் வெண்மையூட்டி பழைய தாளில் இருக்காது. சரி, மறுபதிப்புதான். தூக்கிப் போட மனமில்லை, தனியாக வைத்திருக்கிறேன்.

காலம் கணிப்பதிலும் சறுக்கினேன். சடை வைத்த ஆண்களைப் பார்த்தால் 1912க்கு முந்தையது என்று குறித்துக்கொண்டே வந்தேன், அந்த வருடம்தான் புதிய குடியரசு சடையை வெட்டச் சொன்னது என்பதால். அப்படிக் குறித்த ஓர் அட்டையைத் திருப்பினால் தபால் முத்திரையில் 1913. பழைய படத்தையே அச்சடித்து விற்றுக்கொண்டிருந்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறேன். நடுவில் கோடு இல்லாமல் முழுக்க முகவரிக்கே விட்டிருந்தால் பழைய அச்சு. செய்தியைப் பின்பக்கத்திலேயே எழுத பிரிட்டன் விட்டது 1902இல், அமெரிக்கா 1907இல். அதுவரை படத்தின் ஓரத்தில்தான் கிறுக்க வேண்டும்.

இந்த மாதம் முழுக்க ஒரே அட்டைதான்: தெரு நாவிதர். கீழே 'சீன நாவிதர்' என்று அச்சிட்டதோடு சரி. பத்து மடங்கு லென்ஸை வைத்தேன். பக்கத்தில் காவடி கிடக்கிறது. ஒரு முனையில் இழுப்பறை வைத்த முக்காலி, வாடிக்கையாளர் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார். மறு முனையில் அடுப்பு, அதன் மேல் வெந்நீர்ச் சட்டி. கடை மொத்தமும் தோளில் ஏறிவிடும். 'நாவிதர் காவடியில் ஒரு முனைதான் சூடு' என்று சீனத்தில் சொலவடையே உண்டு. யாருக்குச் சொல்வார்கள் தெரியுமா? ஒருதலைக் காதலில் தவிப்பவருக்கு!

இந்தத் தொழிலுக்கு அரசாணையும் துணை. அப்போது சீனாவை ஆண்ட மஞ்சு அரசு 1645இல், ஆண்கள் முன்தலையை மழித்துப் பின்னால் சடை விட வேண்டும், மறுத்தால் மரணம் என்றது. மழித்த தலையில் முடி முளைக்காமலா இருக்கும்?

நாவிதருக்குப் பின்னால் ஒரு பலகை தெரிகிறது. அதிலிருந்த இரண்டு எழுத்துகளை இடமிருந்து வலமாக அகராதியில் தேடி இரண்டு ராத்திரி வீண். அந்தக் காலத்துப் பலகைகளை வலமிருந்து படிக்க வேண்டுமாம். மாற்றிப் போட்டதும் வந்துவிட்டது: தேநீர்க்கடை. ஆள் நல்ல இடம் பார்த்துத்தான் காவடியை இறக்கியிருக்கிறார்.