2 ஜிபி நினைவகத்தில் டெபியனும் எக்ஸ்எஃப்சிஇயும்: ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டிய அனுபவம்

என்னிடம் 2 ஜிபி நினைவகமும் இரட்டைக் கருச் செயலியும் சுழலும் வன்தட்டும் கொண்ட பழைய மடிக்கணினி ஒன்று இருக்கிறது. நினைவகத்தை மேலும் கூட்ட அதன் தாய்ப்பலகையில் இடமில்லை. அதில் முன்பு நிறுவியிருந்த லினக்ஸ் இயங்குதள வழங்கலின் முழுமையான டெஸ்க்டாப், உள்நுழைந்து எதையும் திறக்காத நிலையிலேயே 1 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொண்டது. உலாவியைத் திறந்துவிட்டால் வன்தட்டின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். கணினியை ஒதுக்கிவிடுவதற்கு முன் ஒருமுறை, அதில் டெபியன் 13 என்னும் லினக்ஸ் வழங்கலை வரைகலைச் சூழல் எதுவுமே இல்லாமல் நிறுவி, அதன்மேல் எனக்குத் தேவையான உறுப்புகளை மட்டும் சேர்த்து ஓர் எளிய டெஸ்க்டாப்பைக் கட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஒரு மாலையில் முடிந்துவிடும் என்று எண்ணிய வேலை நான்கு நாள் எடுத்தது. அந்த நான்கு நாளில் பெரும்பகுதி, முழுமையான டெஸ்க்டாப் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த வேலைகள் எவை என்பதை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பதிலேயே கழிந்தது.

எந்தச் சூழலைத் தேர்வது என்பதில் எல்எக்ஸ்க்யூடி, எக்ஸ்எஃப்சிஇ என்னும் இரண்டு எளிய டெஸ்க்டாப் சூழல்களுக்கு இடையே சிறிது நேரம் தடுமாறினேன். எல்எக்ஸ்டிஇயின் க்யூடி வடிவம், ரேசர் க்யூடி என்னும் இரு முந்தைய சூழல்கள் இணைந்து பிறந்த எல்எக்ஸ்க்யூடி, என் கணினியில் எக்ஸ்எஃப்சிஇயைவிட ஏறக்குறைய 80 எம்பி குறைவாகவே எடுத்தது. ஆனால் இன்றைய உலாவியில் ஒரு கனமான பக்கத்தைத் திறந்தாலே அந்த 80 எம்பி போய்விடும். அமைப்புகள் அனைத்தும் ஒரே இடத்தில் இருப்பதும், பலகத்தை இழுத்து எந்த ஓரத்தில் வேண்டுமானாலும் வைக்க முடிவதும் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றியதால் எக்ஸ்எஃப்சிஇயையே எடுத்துக்கொண்டேன். 1996-இல் ஒலிவியே ஃபூர்தான் தொடங்கிய திட்டம் இது. எக்ஸ்ஃபார்ம்ஸ் என்ற கருவித் தொகுப்பை வைத்து எழுதப்பட்டதால் வந்த பெயரில், பிற்பாடு ஜிடிகே என்னும் வேறொரு கருவித் தொகுப்புக்கு மாறிய பின்னும் அந்த முதலெழுத்து மட்டும் பொருளில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நிறுவல் எளிதாகவே முடிந்தது. டெபியனின் சிறிய நெட்இன்ஸ்ட் படிமத்தைப் பென்டிரைவில் எழுதி, மென்பொருள் தேர்வுத் திரையில் எல்லா டெஸ்க்டாப்களின் குறியையும் எடுத்துவிட்டு, அடிப்படைக் கருவிகளை மட்டும் விட்டுவைத்தேன். ரூட் என்னும் நிர்வாகப் பயனருக்கான கடவுச்சொல்லைக் காலியாக விட்டால்தான் முதல் பயனருக்கு, நிர்வாகக் கட்டளைகளை இயக்கும் சூடோ அனுமதி தானாகக் கிடைக்கும் என்பது பழைய அனுபவத்தில் தெரிந்திருந்ததால் அங்கே சிக்கல் வரவில்லை. டெபியன் 12 முதல் வன்பொருள் இயங்கத் தேவைப்படும், கட்டற்றவை அல்லாத ஃபர்ம்வேர்களும் நிறுவல் படிமத்திலேயே சேர்க்கப்படுவதால் வைஃபை அட்டையும் உடனே வேலை செய்தது. மறுதொடக்கம் செய்தபோது கருப்புத் திரையும் உள்நுழைவுக் கோரிக்கையும் மட்டுமே இருந்தன. அந்த நிலையில் பயன்பாட்டிலிருந்த நினைவகம் 200 எம்பிக்கும் குறைவு.

தவறு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. டெபியனில் ஒரு பொதியுடன் (நிறுவக்கூடிய மென்பொருள் தொகுப்பு) வரும் பிற பொதிகள் மூன்று வகைப்படும்: அது இயங்கவே கட்டாயம் தேவையானவை, பெரும்பாலோருக்குத் தேவைப்படும் என்று பராமரிப்பாளர் பரிந்துரைப்பவை, வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம் என்று குறிப்பிடப்படுபவை. பொதிகளை நிறுவும் கருவியான ஆப்ட் வழக்கமாக முதல் இரண்டையும் நிறுவும். பரிந்துரைகளைத் தவிர்த்துவிடும் தெரிவைக் கட்டளையில் சேர்த்தால் எல்லாம் மெலிந்துவிடும் என்று நினைத்து, எக்ஸ்எஃப்சிஇயை அந்தத் தெரிவுடனேயே நிறுவினேன். பதிவிறக்க அளவு கணிசமாகக் குறைந்ததைப் பார்த்து மகிழ்ந்தேன். பிறகு வரைகலைத் திரையைத் தொடங்கும் ஸ்டார்ட்எக்ஸ் கட்டளையைக் கொடுத்தபோது அப்படி ஒரு கட்டளையே இல்லை என்ற பதில் வந்தது. திரையில் எதையும் வரைவதற்கு அடிப்படையான எக்ஸ்ஆர்க் என்னும் பொதியே, எக்ஸ்எஃப்சிஇயின் பரிந்துரைப் பட்டியலில்தான் இருக்கிறது.

எக்ஸ்ஆர்க்கை நிறுவியதும் டெஸ்க்டாப் வந்துவிட்டது. ஆனால் பாதி வந்தது. பட்டிகளில் சில சின்னங்கள் இருந்தன, சில இடங்கள் வெறுமையாக இருந்தன. பென்டிரைவைச் செருகினால் எதுவும் நிகழவில்லை. அறிவிப்புகள் எங்கும் தோன்றவில்லை. இவை எரிச்சல் மட்டுமே தந்தன. உண்மையில் ஆபத்தானது வேறொன்று. கோப்பு மேலாளரான துனாரில் குப்பைத் தொட்டியே இல்லை; நீக்கு என்று சொன்னால் கோப்பு நிரந்தரமாகவே போனது. உறுதிப்படுத்தும் கேள்வியைப் படிக்காமல் சரி என்று அழுத்தும் பழக்கத்தால் குறிப்புக் கோப்பு ஒன்றை இழந்த பிறகே, குப்பைத் தொட்டியும் வெளிச் சேமிப்பகங்களும் ஜிவிஎஃப்எஸ் என்ற தனிச் சேவையின் பொறுப்பு என்பதும், அதுவும் பரிந்துரைப் பட்டியலோடு வெளியே நின்றுவிட்டது என்பதும் எனக்குப் புரிந்தது.

அதனால் முறையை மாற்றிக்கொண்டேன். பரிந்துரைகளை மொத்தமாக மறுப்பதற்குப் பதில், நிறுவாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும் தெரிவுடன் ஆப்டை இயக்கி, வரவிருக்கும் பொதிகளின் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்து, வரிவரியாகப் படித்தேன். பெயர் புரியாத ஒவ்வொன்றின் விளக்கத்தையும் பார்த்தேன். ஜிவிஎஃப்எஸ், பென்டிரைவைத் தானாக இணைக்கும் துனார் வால்மேன், அறிவிப்புச் சேவை, சின்னத் தொகுப்பு ஆகியவற்றைப் பெயர் சொல்லி நிறுவினேன். மின்கல மேலாளரும், நிர்வாக அனுமதி கேட்கும் சிறு சாளரத்தைக் காட்டும் போல்கிட் முகவரும் இதே வரிசையில் சேர்ந்தன. அச்சுச் சேவை, புளூடூத், விளையாட்டுகள் முதலியவற்றை விட்டுவிட்டேன். இப்படிச் செய்ததில் ஒரு மாலை முழுவதும் போனது உண்மைதான். ஆனால் இந்தக் கணினியில் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பது முதன்முறையாக எனக்குத் தெரிந்தது.

அடுத்த இடறல் வைஃபை. பலகத்தில் நெட்வொர்க் மேனேஜரின் சின்னத்தைக் கொண்டுவந்ததும், இந்த வைஃபை அட்டை தன் நிர்வாகத்தில் இல்லை என்று அது சொல்லியது. ஆனால் இணையமோ நன்றாக இயங்கிக்கொண்டிருந்தது. டெஸ்க்டாப் இல்லாமல் டெபியனை வைஃபை வழியாக நிறுவும்போது, நிறுவல் நிரல் அந்த இணைப்பின் விவரங்களைக் கடவுச்சொல்லோடு சேர்த்து, ஈடிசி அடைவுக்குள் இருக்கும் நெட்வொர்க் அடைவின் இன்டர்ஃபேசஸ் கோப்பில் எழுதிவிடுகிறது. அந்தக் கோப்பில் பெயர் இடம்பெற்ற எந்த இணைப்பையும் நெட்வொர்க் மேனேஜர் தொடாது. கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ளும் லூப்பேக் தொடர்பான வரிகளை மட்டும் விட்டுவிட்டு, வைஃபை வரிகளின் முன்னால் குறிப்புக் குறியிட்டு முடக்கி, மறுதொடக்கம் செய்ததும் அக்கம்பக்கத்து வலையமைப்புகள் எல்லாம் பட்டியலில் வந்தன. ஒலிக்கு இவ்வளவு பாடில்லை: பைப்வயர் ஆடியோ என்ற பொதியையும் ஒலியளவுக் கட்டுப்பாட்டையும் நிறுவி, வெளியேறி மீண்டும் உள்நுழைந்தது போதுமானதாக இருந்தது.

உலாவியில் தமிழ்ப் பக்கங்களைத் திறந்தபோது எழுத்துகளுக்குப் பதில் வரிசையாகப் பெட்டிகள் தெரிந்தன. நோட்டோ எழுத்துருக்களின் அடிப்படைப் பொதியை நிறுவியதும் அது தீர்ந்தது. தட்டச்சுக்கு எஃப்சிஐடிஎக்ஸ் 5-ஐயும் அதற்கான எம்17என் இணைப்பையும் நிறுவி, தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தேன். முனையத்தில் மட்டும் உயிர்மெய் எழுத்துகள் இன்னும் இடம் தவறியே விழுகின்றன. கட்டளைகளுக்குத் தமிழ் தேவைப்படாததால் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

இவ்வளவும் சேர்ந்த பிறகு, உள்நுழைந்த நிலையில் பயன்பாட்டிலிருந்த நினைவகம் ஏறக்குறைய 430 எம்பி. இதை அளக்கும்போது முதலில் நானும் ஏமாந்தேன். ஃப்ரீ கட்டளை காட்டும் நெடுவரிசைகளில் காலியாக உள்ள அளவைச் சொல்லும் நெடுவரிசையை மட்டும் பார்த்தால், சிறிது நேரத்திலேயே கணினி எல்லாவற்றையும் தின்றுவிட்டதுபோலத் தோன்றும். லினக்ஸ் கருநிரல் சும்மா கிடக்கும் நினைவகத்தை, வன்தட்டில் படித்தவற்றைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளப் பயன்படுத்துகிறது. ஏதாவது நிரல் கேட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடும். அந்த இடத்தையும் கணக்கில் கொண்ட அவைலபிள் என்ற கடைசி நெடுவரிசையே பார்க்க வேண்டியது.

430 எம்பியில் தொடங்கினாலும் உலாவியில் ஐந்தாறு தாவல்கள் திறந்தவுடன் 2 ஜிபியின் எல்லை தெரியத் தொடங்கியது. இங்கே எனக்குப் பெரிதும் உதவியது டெஸ்க்டாப்போடு தொடர்பில்லாத இசட்ரேம். நினைவகத்தின் ஒரு பகுதியையே சுருக்கப்பட்ட ஸ்வாப் இடமாக (நினைவகம் நிரம்பும்போது தரவை ஒதுக்கி வைக்கும் இடம்) அது மாற்றிக்கொள்கிறது. சுழலும் வன்தட்டுக்கு நினைவகப் பக்கங்களை எழுதிப் படிப்பதைவிட, செயலி அவற்றைச் சுருக்கி விரிப்பது பன்மடங்கு விரைவானது. இசட்ரேம் டூல்ஸ் பொதியின் அமைப்புக் கோப்பில் அளவை 50 விழுக்காடாகவும் சுருக்க முறையை இசட்எஸ்டிடியாகவும் வைத்தேன். ஸ்வாப் இடத்தை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துவது என்பதைச் சொல்லும் கருநிரலின் ஸ்வாப்பினெஸ் மதிப்பை, வழக்கமான 60-இலிருந்து 100-க்கு உயர்த்தினேன். ஒருநாள் பார்த்தபோது 600 எம்பிக்கு மேற்பட்ட தரவு 200 எம்பி சொச்சத்துக்குள் அடங்கியிருந்தது. வன்தட்டின் விளக்கு இப்போது அணைந்தும் எரிகிறது.

டெபியன் 13-இல் புதிதாக வந்த ஒரு மாற்றமும் இந்தச் சிறிய கணினியைப் பாதித்தது. தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவு இப்போது வன்தட்டில் இல்லை. நினைவகத்தில் இருக்கிறது, அதிகபட்சமாக அதில் பாதிவரை நிரம்பலாம். 16 ஜிபி உள்ளவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. எனக்கோ பெரிய சுருக்கக் கோப்பு ஒன்றை அங்கே விரித்தபோது கணினி ஏறக்குறைய நின்றே போனது. கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில், டெம்ப் மவுன்ட் என்னும் அலகை மாஸ்க் செய்து (அதாவது முடக்கி) மறுதொடக்கம் செய்ததும் அடைவு பழையபடி வன்தட்டுக்குத் திரும்பியது.

சாளர மேலாளரின் நிழல்களையும் ஒளிபுகும் தோற்றங்களையும் தரும் கம்போசிட்டரை அணைத்தால் இன்னும் மெலியும் என்று பலரும் சொல்வதைக் கேட்டு நானும் அணைத்தேன். மிஞ்சியது சில எம்பி. இழந்ததோ காணொளியின் ஒழுங்கு. படம் நகரும்போது திரையின் குறுக்கே கிழிசல் விழுந்ததால் மறுநாளே மீண்டும் இயக்கிவிட்டு, நிழல்களை மட்டும் நீக்கினேன். வெளியேறும் சாளரத்தில் அமர்வைச் சேமிக்கும் குறியை எடுத்துவிடுவதும் அவசியம். அதைக் கவனிக்காமல் விட்டதால், முந்தைய நாள் திறந்திருந்த உலாவி ஒவ்வொரு முறையும் தானாகத் திறந்து, நான் மிச்சப்படுத்தியதையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தது.

கடைசி நாளில் எல்லாவற்றையும் இழக்கும் நிலைக்கு வந்துவிட்டேன். நிரல்களைத் தேடித் திறக்க உதவும், நான் பயன்படுத்தாத ஆப்ஃபைண்டரை நீக்கியபோது, அதைச் சார்ந்திருந்த எக்ஸ்எஃப்சிஇ என்னும் தலைமைப் பொதியும் உடன் போனது. அந்தப் பொதிக்குள் நிரல் எதுவும் இல்லை. மற்றப் பொதிகளைச் சேர்த்துக் கட்டும் கயிறு மட்டுமே அது. அதனால் டெஸ்க்டாப்பில் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆனால் பிறகு தேவையற்றவற்றைத் தானாக நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளையைக் கொடுத்தபோது, பலகம், கோப்பு மேலாளர், சாளர மேலாளர், அமர்வு மேலாளர் எல்லாம் அநாதைப் பொதிகளாகப் பட்டியலில் வந்து நின்றன. துனாரில் கோப்பை இழந்த பிறகு வந்த பழக்கத்தால் இந்த முறை படித்துவிட்டு, வேண்டாம் என்றேன். அந்த நான்கையும் அமைப்பு மேலாளரையும் ஆப்ட்மார்க் கட்டளையால் நானே விரும்பி நிறுவியவையாகக் குறித்த பிறகு ஆட்டோரிமூவை மீண்டும் இயக்கினேன்; மூன்று நூலகப் பொதிகளை மட்டும் நீக்கிவிட்டு அது முடிந்தது.