2147483647-இல் முட்டி நின்ற கவுன்ட்டர்

டேட்டாபேஸ் வேலையில் இருப்பவர்கள் வீட்டு போன் நம்பரை மறந்தாலும் 2147483647-ஐ மறப்பதில்லை. நம் கணக்கில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. கம்ப்யூட்டர் ஒரு முழு எண்ணுக்கு வழக்கமாக ஒதுக்குவது 32 பிட், அதாவது 0 அல்லது 1 எழுத 32 இடங்கள். அதில் ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மீதி 31 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் இதுதான். 2-இன் 31-ஆம் அடுக்குக்கு ஒன்று குறைவு.

நான் சப்போர்ட்டில் இருந்தபோது ஒரு வாடிக்கையாளரின் பில்லிங் திடீரென்று நின்றுபோனது. பழைய பில்லைத் தேடினால் வருகிறது. புதிதாகப் போட்டால் எரர். எரர்கள் பதிவாகும் லாகைத் திறந்தால் 'டூப்ளிகேட் என்ட்ரி 2147483647' என்று வரிவரியாக ஓடுகிறது. "ஒரே பில் எப்படி அண்ணா இத்தனை தடவை வரும்?" என்றான் புதிதாகச் சேர்ந்த பையன். பில்கள் வேறு வேறுதான். வரிசை எண் தரும் கவுன்ட்டர் உச்சியில் முட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கடைசி எண்ணையே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்காக 214 கோடி பில் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. பாதியில் ரத்தாகும் என்ட்ரியும் ஒரு எண்ணைத் தின்றுவிட்டுத்தான் போகும்.

டேபிளில் அந்த வரிசை எண் இருக்கும் நெடுவரிசையை 64 பிட்டுக்கு மாற்ற ஓடவிட்டோம். பெரிய டேபிள், ராத்திரி முழுக்க இழுத்தது. காத்திருந்த நேரத்தில் பையன் கேட்டான்: "இது பகா எண்ணா அண்ணா?"

ஆமாம். 1772-லேயே கணித மேதை ஆய்லர் சொல்லிவிட்டார். அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய போயிருந்தது. இதன் வர்க்கமூலம் 46340-ஐக் கொஞ்சம் தாண்டும். அதுவரை உள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்ப்பதென்றால் ஆயிரக்கணக்கில் வரும். இந்த எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருந்தால் அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 மட்டுமே வர முடியும் என்று அவர் கண்டார். அப்படிப்பட்ட பகா எண்கள் 84தான். ஒன்றும் வகுக்கவில்லை.

இதை 2-இன் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால் 2305843008139952128. தன்னைத் தவிர்த்த வகுஎண்களைக் கூட்டினால் தானே வரும் நிறைவெண் இது. இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் தேடப்போவதில்லை, பயனற்ற வேடிக்கைதானே என்று 1811-இல் ஆங்கிலேயக் கணிதர் பீட்டர் பார்லோ எழுதினார். பில் போட முடியாமல் தவித்த எங்கள் வாடிக்கையாளர் இந்த எண்களை வேடிக்கை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

கம்ப்யூட்டரின் எல்லை பகா எண்ணாக அமைந்தது தற்செயல்தான். 8 பிட்டின் எல்லை 127, பகா எண். 16 பிட்டுக்கு 32767, 2-இன் 15-ஆம் அடுக்குக்கு ஒன்று குறைவு. அது 7, 31, 151 மூன்றின் பெருக்கல். அடுக்கு பகா எண்ணாக இல்லாவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும்: 15-ஐ 3 வகுப்பதால், 2-இன் 3-ஆம் அடுக்குக்கு ஒன்று குறைவான 7, 32767-ஐ வகுக்கிறது. அடுக்கு பகா எண்ணாக இருந்தாலும் உத்தரவாதமில்லை. 11-ஆம் அடுக்கில் வரும் 2047 என்பது 23 பெருக்கல் 89.

விடியும்போது டேபிள் மாறி முடிந்தது. புது எல்லை 9223372036854775807, பழையதைப்போல 429 கோடி மடங்கு. பையன் சிஸ்டத்தைத் தொடாமலே அடுக்கு 63 என்பதைப் பார்த்துச் சொன்னான்: "இதை 7 வகுக்கும் அண்ணா."