இந்த ஒரு லாட்டுக்கு மட்டும்

தரக்கட்டுப்பாட்டில் கொஞ்ச காலம் இருந்தாலே, பாகங்களை அளந்து குறிக்க வேண்டியதை அளக்காமல் நிரப்பிய இன்ஸ்பெக்‌ஷன் ஷீட் பார்த்ததும் தெரிந்துவிடும். மைக்ரோமீட்டர் வைத்து அளந்தால் 25.01, 24.98, 25.03 என்று ரீடிங் அங்கே இங்கே அலையும், ஒன்றிரண்டு அனுமதித்த எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். உட்கார்ந்த இடத்தில் எழுதியது நல்ல பிள்ளையாக 25.00-ஐ விட்டு நகராது, கையெழுத்தும் மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் ஓடியிருக்கும்.

"சார், லாரி நிக்குது, இந்தப் பார்ட்ல என்னைக்கு ரிஜெக்‌ஷன் வந்திருக்கு, இந்த ஒரு லாட்டுக்கு மட்டும் அளக்காமலே போட்டுடுங்க" என்று டிஸ்பாட்ச்காரர் வந்து நிற்பார். நல்ல மனிதர்தான். பெரும்பாலும் அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும், அந்த லாட்டில் ஒரு கோளாறும் இருக்காது. அதனால்தான் பதில் சொல்வது கஷ்டம்.

எனக்கு இந்த இடத்தில் உதவியது ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட். திருப்பித் தர முடியாது என்று தெரிந்தே, தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துக் கடன் வாங்குபவனை 1785-இல் வந்த தன் நூலில் உதாரணம் காட்டுகிறார். எல்லாரும் அப்படியே செய்தால் வாக்கு என்ற ஒன்றையே யாரும் நம்ப மாட்டார்கள், அப்புறம் பொய் வாக்கை வைத்து எப்படிக் கடன் வாங்குவது? பலரும் இதை "எல்லாரும் செய்தால் நஷ்டமாகிவிடும்" என்று புரிந்துகொள்கிறார்கள். அவர் லாப நஷ்டக் கணக்குப் போடவில்லை, அந்தச் செயல் தன் காலையே வாரிவிட்டுக்கொள்கிறது என்கிறார். ஷீட்டும் அப்படித்தான். மற்றவர்கள் உண்மையாக அளப்பதால்தான் என் பொய் ஷீட் செல்லுபடியாகிறது.

சரி, "எல்லாரும் செய்தால்" என்று சோதித்துப் பார்க்கும் விதியையே வசதியாக வெட்டித் தைத்துக்கொள்ளலாமே? "லாரி காத்திருக்கும் ராத்திரியில், ரிஜெக்‌ஷனே வராத பார்ட்டுக்கு" என்று. கான்ட் மீது ரொம்ப நாளாக இருக்கும் புகார் இது, முழுப் பதில் அவரிடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதே நூலில் ஒன்று சொல்கிறார்: கடமையை மீறும்போது, எல்லாரும் மீறட்டும் என்று நாம் நினைப்பதில்லை, சட்டம் மற்றவர்களுக்கு அப்படியே இருக்கட்டும், நமக்கு மட்டும், இந்த ஒரு தடவை மட்டும் விலக்கு வேண்டும் என்கிறோம். டிஸ்பாட்ச்காரர் கேட்பதும் கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை இதைத்தான்.

ஆனால் கடைசிவரை என்னால் கான்ட்டோடு போக முடியவில்லை. வீட்டில் ஒளிந்திருக்கும் நண்பனைத் தேடி வரும் கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797-இல் எழுதினார். அது பிரெஞ்சுச் சிந்தனையாளர் பெஞ்சமின் கோன்ஸ்தானுக்கு எழுதிய மறுப்பு. உண்மையைப் பெற உரிமை உள்ளவரிடம்தான் உண்மை சொல்லும் கடமை என்பது கோன்ஸ்தானின் வாதம், இதில் நான் அவர் கட்சி. கஸ்டமருக்கு நான் உண்மை கடன்பட்டிருக்கிறேன், கொலைகாரனுக்கு இல்லை. அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு: "ஒவ்வொரு ரீடிங்கும் கஸ்டமருக்குத் தெரிஞ்சாகணுமா என்ன?" என்று யாராவது அதே வாதத்தோடு என் மேஜைக்கு வருவார்கள்.