டிரவுட் ஓடையும் மெட்ரோ வாட்டர் லாரியும்

இங்கிலாந்தில் ஆறு வற்றும் என்று மீனம்பாக்கத்துக்கு வழியனுப்ப வந்த யாரும் சொல்லவில்லை. எப்போதும் மழைதான், குடையை மறக்காதே, ஸ்வெட்டர் ரெண்டு எடுத்து வை என்றுதான் சொன்னார்கள். லண்டனுக்கு வடமேற்கே, மெட்ரோபாலிட்டன் லைன் ரயில் போய் முடிகிற செஷம் பக்கம், சில்டர்ன் குன்றுகளின் அடியில் செஸ், மிஸ்போர்ன், வெர் என்று சின்னச் சின்ன ஆறுகள் ஓடுகின்றன. வறண்ட வருடத்து ஜூலையில் மிஸ்போர்னின் மேல்பகுதிக்குப் போனால், வரைபடத்தில் நீலக்கோடு இருக்கிற இடத்தில் காய்ந்த கற்களும் புல்லும்தான் கிடக்கும். பாலாற்றுப் பாலத்தின் மேல் பஸ்ஸில் போய்ப் பழகிய கண்ணுக்கு வற்றிய ஆறு புதிதில்லை. இவ்வளவு தூரம் வந்தும் அதையே பார்க்கிறோமே என்பதுதான் சுருக்கென்கிறது.

இவை சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறி வருகிற ஆறுகள். உலகத்தில் இந்த வகை ஆறுகள் சில நூறுதான். பெரும்பாலானவை இங்கிலாந்தின் தெற்கிலும் கிழக்கிலும் இருக்கின்றன. மழைநீர் பாறைக்குள் இறங்கி, வடிகட்டப்பட்டு, வருடம் முழுக்க 10, 11 டிகிரி குளிர்ச்சியில் ஊற்றாக வெளியே வரும். கூழாங்கல் அடித்தளம், கண்ணாடித் தெளிவு, அதில் யாரும் கொண்டுவந்து விடாமல் தானாகவே பிறந்து வளர்கிற பழுப்பு டிரவுட் மீன். நம்மவர்களில் பலருக்கு டிரவுட் என்றால் ஊட்டிப் பக்கம் அவலாஞ்சி நினைவுக்கு வரும். அங்கே வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. இங்கே அது சொந்த வீட்டுப் பிள்ளை.

பிடிக்கும் முறை ஜிலேபிக் கெண்டைக்குக் கோதுமை மாவு உருட்டிப் போட்ட கைக்கு முதலில் விசித்திரமாக இருக்கும். இரை கிடையாது. பூச்சி மாதிரித் தெரியும்படி இறகும் நூலும் சுற்றிய தூண்டில் முள்தான் போடுவது, அதற்குப் பெயர் ஃபிளை. அனுமதியும் வேண்டும்: கரை யாருடைய நிலமோ மீன்பிடி உரிமையும் பெரும்பாலும் அவருடையது, 13 வயது ஆனவர்களுக்கு அரசின் ராட் லைசென்ஸ், அதாவது தூண்டில் உரிமம், தனி. இந்தப் பகுதி ஆறுகளில் சீசன் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை.

மூன்று மீட்டர் அகல ஓடைக்கு ஏழு அடித் தூண்டில் கோலும் மூன்றாம் எண் லைனும் (லைனின் எடையைக் குறிக்கிற எண்) போதும். மரக்கிளை தாழ்ந்த இடத்தில் லைனின் முனையில் கட்டுகிற மெல்லிய இழை, அதாவது லீடர், ஏழரை அடி. தண்ணீர் குறைந்து தெளிந்துவிட்டால் பத்து அடிக்கு மேல் போக வேண்டும், இல்லையென்றால் லைன் விழுகிற நிழலுக்கே மீன் ஓடிவிடும். லீடரின் நுனி இழையான டிப்பெட் 5எக்ஸ் அல்லது 6எக்ஸ் (எண் கூடக்கூட இழை மெல்லியது). அதைவிட மெல்லியது போட்டால் மீனை மெதுவாக இழுக்க வேண்டிவரும், அதுவே மீனைக் களைப்பில் கொன்றுவிடும். முள் 16, 18ஆம் அளவு (எண் கூடினால் முள் சின்னது), எதிர்முள், அதாவது மீன் நழுவாமல் தடுக்கிற சின்னக் கூர், இல்லாதது. இருந்தால் இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். நீருக்கு மேலே மிதக்க ஆடம்ஸ் என்கிற ஃபிளை, அடியில் போக ஃபெசன்ட் டெயில் நிம்ஃப் என்கிற ஃபிளை, இந்த இரண்டும் பெட்டியில் இருந்தால் வருடத்தில் பாதி நாள் ஓடிவிடும். மே கடைசியில் மேஃபிளை என்கிற பெரிய பூச்சி பறக்கும்போது மட்டும் 10, 12ஆம் அளவுக்குப் போகலாம்.

டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும். அதனால் கீழிருந்து மேலாக, அதன் முதுகுப் பக்கமாக நடக்க வேண்டும். குனிந்து, தேவையானால் முழங்காலில். கூழாங்கல்லில் காலை அழுத்தி வைத்தால் பத்தடி தள்ளி நிற்கிற மீனுக்கும் தெரிந்துவிடும். எறிவதற்கு முன் தண்ணீரை ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். பெரும்பாலும் கெடுவது எறிதலில் இல்லை, எறிந்த பிறகு. நடு ஓட்டம் வேகம், மீன் நிற்கிற ஓரம் மந்தம்; லைன் நடுவில் விழுந்தால் அது ஃபிளையைத் தரதரவென்று இழுக்கும். உண்மையான பூச்சி அப்படிப் போகாது என்று மீனுக்குத் தெரியும். கோலை உயரப் பிடித்து, லைனை முடிந்தவரை தண்ணீரில் படாமல் வைத்திருப்பதுதான் வழி.

பிடித்த பிறகு திரும்ப விட வேண்டும். இதை ஊருக்குப் போன் பண்ணிச் சொன்னால் அம்மா கேட்பது ஒன்றுதான்: "ஏன்டா, ஒண்ணு அதை நிம்மதியா விட்டுடணும், இல்ல குழம்பு வைக்கணும். இது என்ன பழக்கம்?" காசிமேட்டில் விடிகாலை ஏலம் பார்த்து வளர்ந்தவர் வேறு என்ன கேட்பார்? ஆனால் ஒரு சின்ன ஓடையில் 25 சென்டிமீட்டர் மீன் வளரச் சில வருடங்கள் ஆகும். அதையெல்லாம் குழம்பில் போட்டால் அடுத்த நவம்பரில் முட்டையிட யாரும் இருக்க மாட்டார்கள். கையை நனைத்துக்கொண்டு, வலைக்குள் தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றி, தலை ஓட்டத்தைப் பார்த்திருக்கும்படி தாங்கிப் பிடித்தால் அதுவே போய்விடும்.

இதெல்லாம் தண்ணீர் இருந்தால். தண்ணீர் எங்கே போகிறது என்பதற்குப் பதில் நமக்கு நன்றாகத் தெரிந்த பதில்தான்: போர்வெல். ஆற்றை ஊட்டுகிற அதே சுண்ணாம்புப் பாறையில் துளை போட்டு, குடிநீருக்காக ராட்சதப் பம்புகள் உறிஞ்சுகின்றன. நிலத்தடி மட்டம் இறங்கினால் ஊற்று தொடங்குகிற இடம் பள்ளத்தாக்கில் கீழே கீழே நகரும். மேல்பகுதி சில ஓடைகளில் கோடையில் இயற்கையாகவே வற்றும், அது வேறு. வற்றக் கூடாத இடத்தில், வற்றக் கூடாத மாதத்தில் வற்றுவதுதான் வியாதி.

இங்கே பாறைக்குள் தண்ணீர் சேர்வது அக்டோபர் முதல் மார்ச் வரை பெய்கிற மழையில். கோடை மழையைச் செடிகளும் வெயிலும் எடுத்துக்கொள்ளும். ஐப்பசி கார்த்திகையில் மழை ஏமாற்றினால் சித்திரையில் கிணறு என்ன ஆகும் என்று மயிலாப்பூர்ப் பாட்டிகள் சொல்லிவிடுவார்கள், அந்தக் கணக்கேதான். குளிர்காலம் பொய்த்தால் ஜூலையில் எவ்வளவு தூறினாலும் ஆறு எழாது.

ஓட்டம் குறைந்தால் நடப்பது வரிசையாக நடக்கும். முதலில் வெள்ளைப் பூ பூக்கிற நீர்க்கொடி போகும். அதற்கு வேகமான ஓட்டம் வேண்டும். கோடையில் அந்தக் கொடி அடர்ந்து தண்ணீரைத் தேக்கி மட்டத்தை உயர்த்தித் தரும். அது போனால் இருக்கிற கொஞ்ச நீரும் பரந்து மெலியும். வேகம் குறைந்ததும் வண்டல் கூழாங்கல் இடுக்கில் படியும். டிரவுட் முட்டை அந்த இடுக்கில்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறது. நீர் ஊடுருவாவிட்டால் மூச்சடைத்துச் செத்துவிடும். மெலிந்த நீர் வெயிலில் சூடாகும், சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. ஊற்றுக்குப் பக்கத்தில் குளிராகவே இருக்கும், இரண்டு மைல் கீழே கதை மாறிவிடும். இந்த நாட்டில் 40 டிகிரியைத் தாண்டிய 2022 ஜூலைக்குப் பிறகு, தெர்மாமீட்டர் இல்லாமல் ஆற்றுக்குப் போவது சரியில்லை. தண்ணீர் 18 டிகிரி என்றால் யோசியுங்கள், 19, 20 என்றால் கோலை மடித்துவிடுங்கள். திரும்ப விட்ட மீனும் பிழைக்காது.

ஆழத்தைப் பார்த்து ஆறு நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது, கொடி மட்டத்தை உயர்த்தி ஏமாற்றிவிடும். ஓட்டத்தை அளக்க வேண்டும். நேராக ஓடுகிற பத்து மீட்டர் இடம் பிடித்து, அகலத்தையும் நாலைந்து இடத்தில் ஆழத்தையும் அளந்து சராசரி எடுங்கள். ஒரு ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். சில தடவை செய்து சராசரி. மேல்நீர் அடிநீரைவிட வேகம் என்பதால் 0.85ஆல் பெருக்க வேண்டும். அகலம் 3 மீட்டர், ஆழம் 20 சென்டிமீட்டர், பத்து மீட்டருக்கு 25 நொடி என்றால் வினாடிக்குச் சுமார் 200 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் தண்ணி லாரி ஒன்று நிமிடத்தில் நிரம்பிவிடும்.

இந்த ஊர் பழகிவிட்டது, குளிரும் பழகிவிட்டது என்று சொல்லிக்கொண்டாலும், கணக்கு லாரியில்தான் வந்து நிற்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குத் தெருமுனையில் லாரி ஹாரன் கேட்டதும் எழுந்து ஓடுகிற கால்கள், பச்சை மஞ்சள் பிளாஸ்டிக் குடங்களின் வரிசை, "நம்ம குடத்தைப் பாத்துக்கோக்கா" என்கிற குரல், அடிபம்பு வெறும் காற்றை இழுக்கிற சத்தம். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை இங்கே சொன்னால் வியப்பாகக் கேட்கிறார்கள். ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். நம் ஓடை அதை மூன்றரை மணி நேரத்தில் கொடுத்துவிடும்.

பம்பை நிறுத்தினால் ஆறு திரும்புகிறது என்பது இங்கே கண்ணால் கண்ட விஷயம். வெர் ஆற்றங்கரையில் ஃபிரையர்ஸ் வாஷ் பம்பிங் ஸ்டேஷனை 1993ல் நிறுத்தியதும் மேல்பகுதியில் ஓட்டம் திரும்பியது. 2020ல் செஷத்திலும் செஸ் ஆற்றின் தலைப்பகுதியில் நிலத்தடி நீர் எடுப்பதை நிறுத்தினார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் வேறு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். ஒரு ஆள் நாளைக்குச் சுமார் 140 லிட்டர் செலவழிக்கிற நாடு இது. தோட்டத்துக்கு ஹோஸ் பைப்பில் அடிக்கிற நீர் ஆற்றின் ஊற்று நீர் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. 2003ல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய ஊரிலிருந்து வந்த நாம் அவரிடம் சொல்லலாம். கூரை நீர் பிடிக்க ஒரு 200 லிட்டர் பீப்பாய் வைப்பது பெரிய வேலையில்லை.

மாதம் ஒரு தடவை அதே இடத்தில் அளந்து தேதியோடு குறித்து வையுங்கள், வெப்பநிலையும் சேர்த்து. உள்ளூர் ஆற்றுக் குழுக்கள் இந்தக் குறிப்புகளை வாங்கிக்கொள்வார்கள். குட்டையில் மீன் சிக்கித் தவித்தால் சுற்றுச்சூழல் முகமைக்கு உடனே போன் போடுங்கள். நவம்பர் முதல் வசந்தம் வரை, சுற்றிலும் பாசி படிந்திருக்க ஓரிடத்தில் மட்டும் பளிச்சென்று கிளறிய கூழாங்கல் திட்டைப் பார்த்தால் அதில் கால் வைக்காமல் கரையேறிச் சுற்றிப் போங்கள். அடியில் முட்டைகள் இருக்கின்றன.