பதினொன்றில் ஒரு பங்கு

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் நின்ற தண்ணீர் காரின் கதவடி வரைக்கும் வந்துவிட்டது. சீட் நனையவில்லை. ஆனால் மிதியடிக்கு அடியில் எப்படியோ புகுந்து, வடிந்த பிறகு வண்டல் பூசினாற்போல் ஒட்டிக்கொண்டது, கதவைத் திறந்தால் குளத்து வாடை. அந்த வாரம் வாட்டர் வாஷ் கடை எல்லாவற்றிலும் வரிசை. உள்பக்கம் முழுதும் சுத்தம் செய்து தர ஒருவர் சொன்ன தொகையைக் கேட்டதும், இதை நாமே செய்துவிடலாமே என்று எனக்கு வீரம் வந்துவிட்டது.

பாண்டி போயிருந்தபோது ஒரு கார் சாமான் கடையில் ஆல் பர்ப்பஸ் க்ளீனர் ஒரு லிட்டர் வாங்கினேன். டீட்டெய்லிங், அதாவது காரை உள்ளும் புறமும் நுணுக்கமாகச் சுத்தம் செய்கிற வேலை செய்கிறவர்கள் இதை ஏபிசி என்பார்கள். வாங்கியது கான்சன்ட்ரேட், அதாவது கெட்டிச் சரக்கு, தண்ணீர் கலந்துதான் அடிக்க வேண்டும். லேசான அழுக்குக்கு 1:20, உள்பக்க பிளாஸ்டிக்குக்கும் மிதியடிக்கும் 1:10, டயர், அதற்கு மேலே வளைந்திருக்கும் வீல் ஆர்ச் மாதிரி இடங்களுக்கு 1:4 என்று லேபிளில் போட்டிருந்தது. படித்தேன், புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன், 500 மில்லி ஸ்ப்ரே பாட்டிலில் குத்துமதிப்பாக இரண்டு விரல் உயரத்துக்குச் சரக்கை ஊற்றிவிட்டு வாசல் குழாயைத் திறந்து நேராகப் பிடித்தேன். நுரை பொங்கிக் கழுத்தைத் தாண்டி வழிந்து கை, லுங்கி, செருப்பு எல்லாம் ஆனது. பாட்டிலில் பாதிதான் தண்ணீர், மீதி நுரை. அடங்கும்வரை காத்திருந்து திரும்பப் பிடித்தால் திரும்பவும் நுரை. தண்ணீரை முதலில் ஊற்றி, சரக்கைக் கடைசியில் விட்டு, குலுக்காமல் இரண்டு தடவை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும் என்பது அடுத்த பாட்டிலில்தான் தெரிந்தது.

அந்த முதல் பாட்டிலோடு உச்சி வெயிலில் டாஷ்போர்டில் இறங்கினேன். அடித்தேன், துடைத்தேன், பளிச்சென்று இருந்தது. சாயங்காலம் பார்த்தால் கறுப்பு பிளாஸ்டிக் முழுக்க வெள்ளைக் கோடுகள், தொட்டால் விரலில் லேசாகப் பிசுபிசுப்பு. இரண்டு நாளில் அந்தப் பிசுபிசுப்பின் மேல் தூசி படிந்து, துடைப்பதற்கு முன்பு இருந்ததைவிட மோசமாகிவிட்டது. சரக்கு பத்தவில்லை போல என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். கோடுகள் தடித்தன.

அப்போதுதான் கணக்கைப் பார்க்க உட்கார்ந்தேன். 500 மில்லி பாட்டில், 1:10, ஆக 50 மில்லி சரக்கு, 450 மில்லி தண்ணீர் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா, "அது ஒன்னுக்கு ஒம்பதுல்ல?" என்றார். "நாலுக்கு ஒன்னுன்னு அரிசியும் உளுந்தும் போடறேன், மொத்தம் அஞ்சு டம்ளர் ஆகுது. உனக்கு மட்டும் எப்படிப்பா நாலாகும்?"

அவ்வளவுதான் விஷயம். 1:10 என்றால் ஒரு பங்கு சரக்கு, பத்துப் பங்கு தண்ணீர், மொத்தம் பதினொரு பங்கு. 500-ஐப் பதினொன்றால் வகுத்தால் ஏறக்குறைய 45 மில்லி. 50-க்கும் 45-க்கும் பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் இதே தப்பை 1:4-இல் செய்தால் 100 மில்லி போட வேண்டிய இடத்தில் 125 போவோம், 1:1-இல் செய்தால் தண்ணீருக்கே இடம் இருக்காது. என் இரண்டு விரல் கணக்கை அப்புறம் அளந்து பார்த்தேன், 130 மில்லிக்கு மேல் வந்தது. அதாவது டாஷ்போர்டுக்கு நான் அடித்தது டயருக்கு அடிக்க வேண்டியதைவிடக் கெட்டியான கலவை.

ஒவ்வொரு தடவையும் பதினொன்றால் வகுத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. அதனால் பாட்டிலில் 400 மில்லி இருக்கும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டேன். தண்ணீர் எப்போதும் அந்தக் கோடு வரைதான். அதில் சரக்கு 20 மில்லி விட்டால் 1:20, 40 விட்டால் 1:10, 100 விட்டால் 1:4, அப்போது பாட்டிலும் சரியாக 500-க்கு வந்துவிடும். அளக்க மெடிக்கலில் வாங்கிய ஊசி இல்லாத சிரிஞ்ச், பெரிய அளவுக்கு இருமல் டானிக் மூடி. அந்த மூடியைக் கழுவித் திரும்ப மருந்துக்கு வைக்க வேண்டாம், ஷெட்டிலேயே கிடக்கட்டும்.

சரியாக 1:10 கலந்த பிறகும் வெள்ளைக் கோடு முழுதாகப் போகவில்லை, அதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடியில் எங்கள் போர் தண்ணீரில் வெறும் சொட்டு ஒன்று, பக்கத்தில் கேன் தண்ணீரில் ஒரு சொட்டு வைத்து வெயிலில் காயவிட்டேன். கேன் தண்ணீர் தடமே தெரியவில்லை. போர் தண்ணீர் சுண்ணாம்பில் வரைந்த மாதிரி ஒரு வட்டத்தை விட்டுப் போயிருந்தது. எங்கள் போர் உப்புத் தண்ணி, குளித்தால் சோப்பு நுரைக்காது, பக்கெட் விளிம்பெல்லாம் வெள்ளை, இத்தனை வருஷம் கண்ணால் பார்த்தும் ஸ்ப்ரே பாட்டிலுக்கும் அதுதான் போகிறது என்று உறைக்கவில்லை. கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் க்ளீனரின் சக்தியில் ஒரு பங்கைத் தின்றுவிடும், காய்ந்த பிறகு உப்பும் மேலேயே தங்கிவிடும். கலப்பதற்கு மட்டும் கேன் தண்ணீர் என்று மாற்றியதும் கோடு நின்றது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் இன்னும் நல்லதுதான், ஆனால் மிதியடி கழுவ அதெல்லாம் அதிகம்.

பிசுபிசுப்புக்குக் காரணம் வேறு. அழுக்கை மட்டும் துடைத்தேனே தவிர க்ளீனரைத் துடைக்கவில்லை. இப்போது 1:20-ஐ மைக்ரோஃபைபர் துணியில் அடித்துத் துடைத்துவிட்டு, வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த இன்னொரு துணியால் மறுபடி ஒரு துடைப்பு. ஜன்னல் சுவிட்ச், ஸ்டீரியோ பக்கம் நேராக அடிப்பதே இல்லை, துணி வழியாகத்தான். மேல்கூரைத் துணியை ஊற நனைத்தால் பசை விட்டுத் தொங்கிவிடும் என்பதால் அதைத் தொடவே இல்லை. வேலையும் காலை ஏழு மணிக்குள், வண்டி நிழலில் நிற்கும்போது. வெயிலில் சூடான பேனலில் துடைக்குமுன் காய்ந்துவிடும், காய்ந்தால் தடம்தான்.

மிதியடி 1:10-இல் அழகாக வந்தது. பிரஷ்ஷால் தேய்த்து, வண்டல் பழுப்பு நிறத்தில் வழிந்து, மூன்றாவது அலசலில் தண்ணீர் தெளிந்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே! டயருக்கு 1:4.

அந்தத் தெம்பில் மிச்சமிருந்த 1:4-ஐ இன்ஜின் பக்கமும் அடித்தேன். பிளாஸ்டிக் மூடிகள் நன்றாக வந்தன, ஒரு அலுமினியப் பாகத்தின் மேல் வழிந்ததை மட்டும் கவனிக்காமல் டீ குடிக்கப் போய்விட்டேன். இந்த க்ளீனர்கள் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளவை, பூச்சு இல்லாத அலுமினியத்தில் கெட்டியாக நின்றால் அரித்து நிறத்தை மாற்றிவிடும். வந்து பார்த்தபோது வெளுத்த திட்டு. அலசினேன், தேய்த்தேன், போகவில்லை. கண்ணில் படாத ஓர் ஓரத்தில் முதலில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்திருக்கலாம். வாக்ஸ் போட்ட பெயின்ட்டிலும் கெட்டியாக அடித்தால் வாக்ஸ் போய்விடும், அதனால் பாடிக்கு இதைக் கொண்டுபோவதில்லை, ஷாம்புதான்.

கைக்கு நைட்ரைல் கையுறை போடுகிறேன், முதல் நாள் விரல் நுனியெல்லாம் வறண்டு வெடித்த பிறகு. கலந்து மிஞ்சியதை முதலில் ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மூலையில் வைத்திருந்தேன், அப்பா தாகத்தில் கையில் எடுத்துவிட்டார், மூடியைத் திறக்குமுன் அம்மா பிடுங்கினார். அதற்கு வாங்கிய திட்டு தனி. இப்போது இரண்டு ஸ்ப்ரே பாட்டில், ஒவ்வொன்றிலும் விகிதமும் கலந்த தேதியும் எழுதியிருக்கும், தேவைக்கு மட்டும்தான் கலக்கிறேன். லிட்டர் கேனில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது, 1:20 பாட்டிலைக் கேஸ் அடுப்பு மேடைக்கு என்று அம்மா எடுத்துக்கொண்டுவிட்டார்.