ஸ்லைடில் இளஞ்சிவப்பாகத் தெரியும் இடம்: சில நாட்குறிப்புகள்

ஜூன் 3, செவ்வாய்

நோயியல் ஆய்வகத்தில் என் மேசைக்கு வந்த காலை ட்ரேயில் ஒரு மார்பகப் புற்றுநோய் ஸ்லைடு. புற்றுச் செல்லில் தேடிப்பார்க்கும் ஏற்பிகளான ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 மூன்றுமே நெகட்டிவ். கட்டியின் அளவு, கிரேடு (செல்கள் எவ்வளவு உருமாறியிருக்கின்றன என்பது), நிணநீர் முடிச்சுகள் எல்லாம் குறித்தாகிவிட்டது. கையெழுத்துப் போடப் போகும்போது பயிற்சிக்கு வந்திருக்கும் பெண் கேட்டாள்: "மேடம், சுத்தி இருக்கிற பிங்க் இடத்தைப் பத்தி எதுவும் எழுத மாட்டோமா?"

நான் படித்த காலத்தில் அந்த இடத்துக்கு ஸ்ட்ரோமா என்று பெயர் மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். புற்றுநோய் செல்களைத் தாங்கி நிற்கும் சாரம் மாதிரி நினைத்துக்கொண்டு கடந்துபோய்விடுவோம். இன்று ஸ்லைடை மறுபடி வைத்து அவளோடு சேர்ந்து பார்த்தேன். இயோசின் என்ற இளஞ்சிவப்புச் சாயம் ஏறிய கொலாஜன் நார்களுக்கு நடுவே, கடுகு இறைத்த மாதிரி கரு நீலப் புள்ளிகள். எல்லாம் லிம்போசைட்டுகள், நம் உடலின் காவல் செல்கள். இவற்றை எப்படிக் கணக்கிடுவது என்று 2014-இல் ஒரு சர்வதேசக் குழு நெறிமுறை வெளியிட்டது. கட்டியின் எல்லைக்குள் இருக்கும் ஸ்ட்ரோமாவின் பரப்பில் எத்தனை சதவீதத்தை இந்தச் செல்கள் பிடித்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். செத்துப்போன பகுதிகளைச் சேர்க்கக் கூடாது.

நான் 60 சதவீதம் என்றேன், அவள் 50 என்றாள். இன்னும் நாலு இடம் பார்த்துவிட்டு 60 என்று எழுதினோம். மூன்றும் நெகட்டிவாக இருக்கும் இந்த வகைப் புற்றுநோயில் இந்த எண் கூடக்கூட, நோய் திரும்பி வரும் வாய்ப்பு குறைகிறது. இதை எழுதாமல் விட்டிருந்தால் பெரிய தவறாகியிருக்கும்.

ஜூன் 5, வியாழன்

அவள் கேட்ட கேள்வி மனதிலேயே நிற்கிறது. புற்று விழும் இடத்துக்கும் பங்குண்டா என்று கிட்டத்தட்ட முதலில் கேட்டவர் ஸ்டீபன் பேஜெட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர். 1889-இல், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் குறிப்புகளை எடுத்துவைத்துப் பார்த்தார். ரத்தம் எல்லா உறுப்புக்கும்தான் போகிறது, ஆனால் புற்று கல்லீரலில் அடிக்கடி முளைக்கிறது, மண்ணீரலில் அபூர்வம். விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று எழுதினார்.

அப்புறம் 1986-இல் ஹெரால்ட் டுவோராக் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர், கட்டி என்பது ஆறாத புண் என்றார். எனக்கு இதுதான் இன்னும் பிடிக்கும். கை கிழிந்தால் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் என்ற நார் நூற்கும் செல்கள் ஓடிவந்து கொலாஜன் நூற்று, இடத்தை அடைத்துவிட்டு ஓய்ந்துவிடும். புற்றைச் சுற்றி வந்தவை ஓய்வதில்லை. நூற்றுக்கொண்டே இருக்கின்றன, போதாததற்குப் புற்றுக்கு வளர்ச்சிப் பொருட்களையும் சுரக்கின்றன. கையில் தட்டுப்படும் கட்டி கல் மாதிரி இருப்பதற்கு, பெரும்பாலும் இவை போட்ட நார்தான் காரணம்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று பெருங்குடல் கேஸ் இரண்டு. ஒரே ஸ்டேஜ் (நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது), ஒரே கிரேடு. தாளில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். பத்து மடங்கு லென்ஸில், நாலு ஓரத்திலும் புற்றுச் செல்கள் தெரியும் ஓர் இடத்தைத் தேடிப்பிடித்து, ஸ்ட்ரோமா எவ்வளவு என்று பார்த்தோம். ஒன்றில் கால்வாசிதான். இன்னொன்றில் முக்கால்வாசி, அதில் புற்று தீவு தீவாகக் கிடக்கிறது. 50 சதவீதத்துக்கு மேல் ஸ்ட்ரோமா இருப்பவர்களுக்கு நோயின் போக்கு மோசமாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. இதற்கு வழக்கமான ஸ்லைடு போதும், தனி செலவு கிடையாது. அப்படியிருந்தும் பெரும்பாலான ரிப்போர்ட்டுகளில் இதைக் காணோமே என்று எனக்கு உண்மையாகவே வருத்தம்.

பெருங்குடலில் காவல் செல்கள் எங்கே நிற்கின்றன என்பதும் முக்கியம். ஜெரோம் கலோன் என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு 2006-இல் இதைக் காட்டியது. கட்டியின் நடுவிலும், அது படரும் விளிம்பிலும் சிடி3, சிடி8 என்ற அடையாளப் புரதங்கள் கொண்ட காவல் செல்களை எண்ணுகிறார்கள். 2018-இல் பல நாடுகளைச் சேர்ந்த 2,600-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இது சரிபார்க்கப்பட்டது.

ஜூன் 13, வெள்ளி

2011-இல் மார்பகப் புற்றுநோய் ஸ்லைடுகளைக் கணினியிடம் கொடுத்து, எது முக்கியம் என்று சொல்லாமலேயே 6,642 அம்சங்களை அளக்க விட்டார்கள். ஆயுளைக் கணிக்க அது பெரிதும் நம்பியவற்றில் ஸ்ட்ரோமா அம்சங்களும் இருந்தன. நாம் பின்னணி என்று ஒதுக்கியதை, ஒதுக்கச் சொல்லித்தராத கண் பார்த்துவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

கணையம். இங்கே மட்டும் அவசரப்படக் கூடாது. கட்டியில் பெரும்பங்கு நார்தான், அதனால் நாரை ஒழித்தால் மருந்து உள்ளே போகும் என்று எல்லோரும் நம்பினோம். 2014-இல் எலிகளில் ஸ்ட்ரோமாவைக் குறைத்துப் பார்த்தபோது புற்று இன்னும் மூர்க்கமானது. அந்த நார் வேலியாகவும் இருந்திருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

3-ஆம் தேதி பார்த்த ஸ்லைடுக்குரியவர், வேறோர் இடத்தில் காட்டுவதற்காக ஸ்லைடும் பிளாக்கும் (மெழுகில் பதித்த திசுத்துண்டு) வாங்க நேரில் வந்திருந்தார். ரிப்போர்ட்டில் அந்த 60-ஐக் காட்டி, "டாக்டர், இது நல்லதா கெட்டதா?" என்று கேட்டார். நல்லதுதான் என்றேன். அப்படியானால் சரியாகிவிடுமா என்றார். இந்த எண் உங்களை மாதிரி நூறு பேர் எப்படி இருப்பார்கள் என்று சொல்லும், அதில் நீங்கள் யார் என்று சொல்லாது, சிகிச்சையை விடாதீர்கள் என்றேன். முகம் கொஞ்சம் வாடியது.

பார்க்கிறீர்களா என்று கேட்டு, நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்தேன். எது புற்று, எது காவல் செல் என்று ஊசிமுனையை நகர்த்திக் காட்டினேன். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்றார். போனை லென்ஸ்மேல் வைத்து எடுத்துக் கொடுத்தேன். முதல் படம் ஆடிவிட்டது, இரண்டாவதில் நீலப் புள்ளிகள் தெளிவாக வந்தன.