முதுகுவலிக்கு எந்த ஸ்கேன்?

சேலத்தில் முதுகு ஸ்கேனுக்கு அலையும் இளவட்டங்கள் கவனிக்க. மூன்று மாதத்தைத் தாண்டிய வலி, காலையில் அரை மணிக்கு மேல் இறுக்கம், நடந்தால் குறைகிறது, படுத்தால் கூடுகிறது என்றால் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள தட்டு) கோளாறை விட மூட்டு அழற்சியைத்தான் முதலில் சந்தேகிக்கணும். வழக்கமாக எடுக்கும் கீழ்முதுகு எம்ஆர்ஐ 'நார்மல்' என்றே வரலாம். அழற்சி பெரும்பாலும் தொடங்குவது அதற்குக் கீழே, முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் சாக்ரோஇலியாக் மூட்டில். அந்த மூட்டுக்குச் சாய்வுக் கோணத்தில் டி1, ஸ்டிர் என்ற இரண்டு வகை எம்ஆர்ஐ படங்களும் வேண்டும் என்று டாக்டரிடம் சீட்டிலேயே எழுதி வாங்குங்க. ஸ்டிரில் மூட்டை ஒட்டிய எலும்பு மஜ்ஜை வெள்ளையாகத் தெரிந்தால் நீர்க்கோர்வை, அதாவது அழற்சியின் அடையாளமாக இருக்கலாம். எலும்பு அரிப்பு டி1-இல் தெரியும். கான்ட்ராஸ்ட் ஊசி பெரும்பாலும் வீண் செலவு. எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியவோ வருஷக்கணக்கில் ஆகும்.

ஒரு எச்சரிக்கை: லீ பஜாரில் சுமை தூக்குபவருக்கும், பிரசவமாகிச் சில மாதமே ஆன பெண்ணுக்கும் இதே வெள்ளை வரலாம். படத்தோடு அறிகுறி, எச்எல்ஏ-பி27 (இந்த அழற்சியோடு தொடர்புள்ள மரபணு) ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்துப் பார்த்து ருமட்டாலஜிஸ்ட் (மூட்டு அழற்சி நோய் நிபுணர்)தான் முடிவு சொல்லணும்.